சைபர் அட்டை

ஓர் ஆய்வுக்கூடத்தில் எஸ்தர் என்றொரு பேராசிரியை இருந்தார். அவரிடம் வடிவாம்பாள் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் படிக்க வந்தவள். குருவைவிட ஆறு வயது மூத்தவள்.

புற்றுநோயை வரவழைக்கும் மருந்தை எண்ணெயில் கலந்து சுண்டெலிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு கூண்டுக்கு நிறைய, ஒன்றுக்குக் கொஞ்சம், இன்னொன்றுக்கு வெறும் எண்ணெய். எவ்வளவு கொடுத்தால் எத்தனை கட்டி வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. கொடுத்த அளவு கூண்டில் தொங்கும் அட்டையில் இருக்கும். வெறும் எண்ணெய்க் கூண்டின் அட்டையில் சைபர். வாரம் ஒருமுறை ஒவ்வோர் எலியாகக் கையில் பிடித்து, விரலால் தடவிக் கட்டி தேட வேண்டும்.

அன்று வடிவாம்பாளுக்கு நிலைகொள்ளவில்லை. கையுறையைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"மேடம், எந்த அளவு வரைக்கும் ஒண்ணும் வராது?"

"இந்த வாரத்துல இதைக் கேட்கிறது நாலாவது தடவை. முதல்ல தடவிப் பாருங்க வடிவக்கா."

'நிறைய' என்ற அட்டை தொங்கிய கூண்டில் அவள் ஓர் எலியையும் லேசில் விடவில்லை.

"பரோட்டா மாவா அது? பாவம், விடுங்க."

"இருந்தாகணுமே மேடம்! இதோ, இதுல ஏதோ தட்டுப்படுது." எழுதிக்கொண்டாள்.

சைபர் கூண்டுக்கு வந்ததும் விரல் ஓட்டமாக ஓடியது. பத்து எலியும் நாலு நிமிஷத்தில் முடிந்தன.

"இதுல ஒண்ணும் இல்ல."

"காதைப் பார்த்தீங்களா?"

எந்த எலிக்கு எவ்வளவு மருந்து என்பதற்குக் காதிலும் துளைக்குறி உண்டு. இப்போதுதான் பார்த்தாள். சைபர் கூண்டில் இருந்த அத்தனையும் நிறைய மருந்து குடித்த எலிகள்.

"காலையில நான்தான் அட்டைகளை மாத்தி மாட்டினேன்" என்றார் எஸ்தர்.

அவர் ஓர் எலியை எடுத்தார். வடிவாம்பாளின் விரலைப் பிடித்து, அதன் முன்னங்கால் மடிப்பில் வைத்து மெல்ல அழுத்தினார். மிளகளவில் ஒன்று உருண்டது.

அவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கை தானாக இடது கக்கத்துக்குப் போனது.

"ரெண்டு மாசமா அந்தக் கை அங்கேயேதான் போகுது. என்ன அங்கே?"

"சும்மா ஒரு கட்டி மேடம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு? எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது. வெத்தலைகூட வாயில வெச்சதில்ல நான். எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது."

எஸ்தர் எலியைக் கூண்டில் விட்டார். சைபர் அட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"உங்க கூண்டுல இதை எழுதி மாட்டினது யாரு, வடிவக்கா?"