பொன்னேருக்கு முந்திய உழவு

குரு ஊரில் இல்லாத நாளில்தான் சீடனுக்குச் சொந்த யோசனை வரும். இருளாண்டிக்கும் அப்படித்தான் வந்தது. நாச்சியம்மை பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். இருளாண்டி போய் டிராக்டரைக் கூட்டி வந்துவிட்டார்.

ஆவரங்காடு செவல் பூமி, மண்ணெல்லாம் சிவப்பு. அங்கே மடம் என்பது ஒரு கிணறு, ஓர் ஓட்டுக் கொட்டகை, ஊர் பார்த்து விட்டுக்கொடுத்த ஒரு வயல், அவ்வளவே. குரு நாச்சியம்மை நடுவயதுக்காரர். சீடர் இருளாண்டிக்குத் தலை முழுக்க நரை. அவர் குருவைத் "தாயே" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வரும், அவர்கள் இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

மடத்துக்கு வருமுன் இருளாண்டி கரிமூட்டம் போட்டவர். கருவேல விறகை அடுக்கி, மண்ணைப் பூசி மூடி, உள்ளேயே புகையவிட்டுக் கரியாக்குகிற தொழில். சீடனாகச் சேர்ந்த அன்று நாச்சியம்மை சொன்னார்:

"இத்தனை வருஷம் மரத்தைக் கரியாக்கினீங்க. இனிமே காத்தைக் கரியாக்குங்க."

"காத்தையா?"

"காத்துல கரி கலந்திருக்கு அண்ணே. அதை இலை இழுக்குது, வேரு மண்ணுக்குள்ள இறக்குது. நாம கொளுத்தாம, கிளறாம, மூடி வச்சா அது அங்கேயே தங்கிரும். மண்ணு கறுக்கும். பெய்யுற மழையையும் பிடிச்சு வச்சுக்கும்."

இருளாண்டிக்கு அது பிடித்துப்போனது. ஊருக்குத்தான் பிடிக்கவில்லை. ஆவரங்காட்டில் அறுவடை முடிந்து காய்ந்த மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்துவார்கள். சித்திரையில் நல்ல நாள் பார்த்து, வருஷத்தின் முதல் ஏராகப் பொன்னேர் பூட்டி, சாம்பல் கிடக்கிற மண்ணை உழுவார்கள். அப்பன் செய்தான், மகன் செய்கிறான். ஊர்த்தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அவர் ஒரு பேச்சுப் பேசி முடித்தார்: மூன்று கோடை பார்க்கலாம். பொன்னேருக்கு முந்தின நாள் ஊரே வந்து வயலைப் பார்க்கும். மண் மாறியிருந்தால் ஊரும் இனிக் கொளுத்தாது. மாறவில்லை என்றால் வயலை ஊருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த மூன்றாம் கோடைதான் இது.

மண் மாறித்தான் இருந்தது. இருளாண்டி மண்ணை மூடிக் கிடந்த தட்டை மூடாக்கைக் கொஞ்சம் விலக்கி மோந்து பார்த்திருக்கிறார். மழை பெய்த காட்டின் வாசம் வரும். ஆனால் மேலே நின்று பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? மக்கின தட்டையும் சருகும்தான் தெரியும். குப்பைமேடு என்பான், சிரிப்பான், வயலைப் பிடுங்கிக்கொண்டு போவான். இதை நினைத்து நினைத்து இருளாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கண்ணால் பார்த்தால் மூடும் என்று நினைத்தார். மூடாக்கை வாரி ஓடையில் தள்ளினார். டிராக்டர்க்காரனிடம், "ஆழமா உழு, நல்லாப் புரட்டிப் போடு" என்றார்.

கொழு இறங்கிய இடமெல்லாம் மண் கறுப்பாகப் புரண்டது. மண்புழுக்கள் நெளிந்தன. "செவக்காட்டுல இப்படி ஒரு மண்ணா!" என்று டிராக்டர்க்காரனே வண்டியை நிறுத்தி இறங்கி அள்ளிப் பார்த்தான். இருளாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமை யாரை விட்டது? அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் ஊர் வருவதற்கு மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் சித்திரை வெயில் தன் வேலையைப் பார்த்திருந்தது. கறுப்பு போன இடம் தெரியவில்லை. வெளிறிய கட்டிகளும் புழுதியும் கிடந்தன. மண்புழுக்களைக் கொக்குகள் பொறுக்கித் தின்றுவிட்டுப் போயிருந்தன. அனல்காற்று ஒரு சுற்றுச் சுற்றி, புழுதியைக் கொண்டுபோய் வந்தவர்களின் வேட்டியிலேயே கொட்டியது.

வேட்டியைத் தட்டிக்கொண்டே அம்பலம் கேட்டார்:

"எங்கய்யா கறுப்பு?"

"நேத்து இருந்துச்சு அம்பலம். சத்தியமா இருந்துச்சு. டிராக்டர்க்காரனைக் கேட்டுப் பாருங்க."

"நேத்து என் தலையில முடிகூடத்தான் இருந்துச்சு."

ஊர் சிரித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நாச்சியம்மை பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். வயலைப் பார்த்ததும் நின்றார். இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டார். நாலு வசவு வாங்கியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். நாச்சியம்மை குனிந்து ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க தாயி," என்றார் அம்பலம். "நேத்து இருந்துச்சாம், இன்னைக்கு இல்லையாம். மண்ணுக்குக் கால் முளைச்சிருச்சா?"

"நீங்க கொளுத்துற தட்டை எங்க போகுது?"

"புகையாப் போகுது."

"உழுது திறந்த மண்ணுல இருந்த கரியும் அங்கதான் போகுது. புகை கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"போயிருச்சுங்கிறீங்களா?"

"கொஞ்சம் போயிருச்சு. மிச்சம் போய்க்கிட்டு இருக்கு. இப்ப நாம நின்னு பேசுறோமே, இப்பவும்."

வேறு யாருக்கும் விளங்கியிருக்காது, இருளாண்டிக்கு விளங்கிவிட்டது. மூட்டம் வெந்துகொண்டிருக்கும்போது, வெந்திருக்கிறதா பார்ப்போம் என்று எவனாவது மண்பூச்சைப் பெயர்த்தால் தீர்ந்தது கதை. காற்று உள்ளே புகும், கரி கங்காகும், கங்கு சாம்பலாகும். அப்படிப் பெயர்த்த கூலியாளை அவர் கன்னத்தில் அறைந்திருக்கிறார். விறகில் தெரிந்தது தனக்கு மண்ணில் தெரியாமல் போனதே என்று நெஞ்சு எரிந்தது.

ஆனாலும் விடத் தோன்றவில்லை. டிராக்டர் திரும்ப முடியாத மூலை ஒன்று வேப்பமரத்தடியில் மிச்சம் இருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரே வெட்டு. கறுகறுவென்று ஒரு கட்டியைப் பெயர்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அம்பலத்தின் முன்னால் நீட்டினார்.

"இதைப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

அம்பலம் குனிந்து பார்த்தார்.

"மரத்தடி மண்ணு எந்த ஊர்லய்யா சிவப்பா இருக்கு?"

"மரத்தடின்னு இல்ல அம்பலம், வயல் பூரா இப்படித்தான்..."

"வயலுக்கு நடுவுலதான் இப்ப நிக்கிறோம்."

மறுபடியும் சிரிப்பு. இருளாண்டி திரும்பி, "தாயே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க சொல்லைத் தட்ட மாட்டாக" என்றார்.

"அவர் கண்ணுக்குத் தெரியுறதைத்தானே அண்ணே அவர் சொல்றாரு."

அம்பலம் தொண்டையைச் செருமினார். "பேச்சுன்னா பேச்சு. பொழுது சாஞ்சதும் வயல் ஊருக்கு. நாளைக்குப் பொன்னேரை இங்கயிருந்தே பூட்டுவோம்." பிறகு ஆட்களைப் பார்த்து, "மேலக்காட்டுல நெருப்பை வைங்கடா, காத்து தோதா இருக்கு" என்றார்.

"அம்பலத்தாரே," என்றார் நாச்சியம்மை. "பக்கத்து வயல் தட்டையையும் கொளுத்தத்தானே போறீங்க?"

"ஆமா."

"அதை எங்களுக்குக் கொடுங்க."

"எதுக்கு?"

"இதை மூட."

அம்பலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாவு வீட்டுக்குப் போய்வந்த அலுப்பில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "எடுத்துக்குங்க. பொழுது சாயுற மட்டும் வயல் உங்களோடதுதான்" என்றார்.

நாச்சியம்மை பையை வரப்பில் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வயலில் இறங்கினார். ஒரு கட்டுத் தட்டையைத் தூக்கிவந்து, உழுத மண்ணின்மேல் பரப்பினார். திரும்பிப் போனார். இருளாண்டி கொஞ்ச நேரம் கட்டை மாதிரி நின்றார். குரு சுமக்கிறபோது சீடன் நிற்க முடியாது, அதற்காகத்தான் போனார்.

ஊர்க்காரர்கள் சிலர் வேடிக்கை பார்த்தார்கள், சிலர் கலைந்து போனார்கள். காய்ந்த தாள் கையை அறுத்தது. மேலக்காட்டில் புகை எழுந்து வானத்தில் ஏறியது. நாச்சியம்மை ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் பரப்புகிற வேகத்தைப் பார்த்தால் வீடு தீப்பிடித்தவள் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது. வெயில் இறங்க இறங்க இருளாண்டிக்குக் கைவலி போய்க் கோபம் வந்தது. தன்மேல் வந்ததுதான், ஆனால் யார்மேலாவது கொட்டியாக வேண்டுமே.

பாதி வயல் மூடியிருந்தது. தூக்கிவந்த கட்டை இருளாண்டி தொப்பென்று போட்டார்.

"தாயே, போதும்."

நாச்சியம்மை நிமிரவில்லை.

"பொழுது சாஞ்சா இது நம்ம வயல் இல்ல. விடிஞ்சா அவுக இந்தத் தட்டையையும் கொளுத்துவாக, மறுபடியும் உழுவாக. நாம மூடுனதைப் பாக்கக்கூட ஒருத்தரும் வரப்போறதில்ல. இனி இதை யாருக்காக மூடணும்?"

நாச்சியம்மை அவர் போட்ட கட்டை அவிழ்த்தார். மண் தெரிந்த இடத்தில் தட்டையைப் பரப்பிக்கொண்டே கேட்டார்:

"நேத்து யாருக்காகண்ணே திறந்தீங்க?"