கூறைப் புடவையின் நீலம்

ராஜா அழுதால் அரண்மனையே மூக்கைச் சிந்த வேண்டும் என்றிருந்த முன்னொரு காலத்தில், கேசரிவர்மர் என்றொரு மகாராஜா இருந்தார். அவருக்கு ஒரே மகள், அலங்காரவல்லி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ராஜ்யத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தார். அவள் பல்லக்கு கோட்டை வாசலைத் தாண்டிய அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பீர்கள். சிற்றரசன் வீட்டுக்குப் பேரரசர் அழைப்பில்லாமல் போனால் கௌரவம் என்ன ஆவது? அழைக்க மருமகனுக்குத் துணிச்சல் இல்லை. போகாமல் மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு நாள் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. மகளுக்கு ஒரு நகைப்பெட்டி செய்து அனுப்ப வேண்டும்.

"அவள் புறப்பட்ட அன்று ஒரு நீலப் புடவை கட்டியிருந்தாளே, அதே நீலத்தில் பெட்டி வேண்டும். இரண்டுக்கும் என் கண்ணுக்கு இம்மியும் வித்தியாசம் தெரியக் கூடாது" என்றார்.

"ஆமாம் பிரபு, என்ன அழகான நீலம்!" என்று மந்திரி உக்கிரமூர்த்தி முதலில் தலையாட்டினார். பிறகு சபையே ஆட்டியது.

வடதேசத்திலிருந்து, மீனா என்னும் வண்ணக் கண்ணாடிப் பூச்சு வேலை தெரிந்த கிருபாராம் என்ற கைவினைஞரை வரவழைத்தார்கள். பாரசீக வணிகர்களோடு வடக்கே வந்து இறங்கிய வித்தை அது என்பார்கள். வெள்ளிப் பெட்டியில் பூவும் கொடியுமாகக் குழி செதுக்கி, வண்ணக் கண்ணாடியைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து நிரப்பி, உலையில் வைப்பார்கள். கண்ணாடி உருகி வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். முதல் பெட்டியைப் பார்த்த ராஜா, "இந்த நீலம் இல்லை" என்றார். அடுத்ததற்கும் அதே பதில். அலமாரி நிறைந்தது. ராஜாவின் மனம் நிறையவில்லை. நிறம் சரியாகும்வரை கிருபாராம் ஊர் திரும்பக் கூடாது என்று கட்டளை வேறு.

அரண்மனை விகடகவி கும்பலிங்கம் அந்த உலையருகே அடிக்கடி போய் உட்காருவான்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க ஐயா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"சம்சாரம் இருக்கா. நான் கிளம்பும்போது வாசல்ல நின்னா. என் முகத்தைப் பார்க்க முடியாம செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னா" என்றார் கிருபாராம். "இப்போ அவ முகம் எனக்குச் சரியா ஞாபகம் வரல, கும்பலிங்கம்."

கும்பலிங்கம் உலைக்கு ஒரு கரித்துண்டை எடுத்துப் போட்டான். அவனுக்கும் சிரிப்பு வராத நாள் உண்டு.

மறுநாள் சபையில் உக்கிரமூர்த்தி எழுந்தார். கும்பலிங்கத்தைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"பிரபு, தங்கள் மனத்தை நன்கறிந்தவன் கும்பலிங்கம் என்று ஊரே புகழ்கிறது. அந்த நீலத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் அவனையும் அந்த வடநாட்டானையும் பாதாளச் சிறைக்கு அனுப்பலாம்."

ராஜா இருந்த மனநிலையில் "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

பௌர்ணமியன்று கும்பலிங்கம் பட்டுத் துணியை விலக்கி ஒரு பெட்டியைக் காட்டினான். அதில் நீலமே இல்லை. அடுப்புச் சாம்பல் மாதிரி வெளிறிய பொடி அப்பியிருந்தது. உக்கிரமூர்த்தி சிரித்த சிரிப்பில் அவர் தலைப்பாகையே சரிந்தது.

"என்னடா இது?" என்று உறுமினார் ராஜா.

"அதே நீலம்தான் மகாராஜா, இன்னும் சுடவில்லை. உலையில் சூடு சற்றுக் கூடினால் கறுக்கும், குறைந்தால் வெளிறும். தங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்பது கட்டளை. அப்படியானால் ஒரு பக்கம் புடவை, ஒரு பக்கம் உலை, நடுவில் தங்கள் கண் இருக்க வேண்டும்."

"புடவையை இங்கே வரவழைப்போம்!" என்றார் மந்திரி.

"பெண் கட்டிக்கொண்டு போன கூறைப் புடவையைப் பிறந்த வீட்டார் அனுப்பச் சொல்லிக் கேட்பதா? சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்?" என்றான் கும்பலிங்கம்.

மந்திரி சரிந்த தலைப்பாகையை நிமிர்த்திக்கொண்டார். ராஜாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஆனால் அழைப்பு இல்லையே, கும்பலிங்கம்."

"மகளுக்குச் சீர் கொண்டு போகும் தகப்பனாருக்கு அழைப்பு எதற்குப் பிரபு? சீர்தான் கையில் இருக்கிறதே."

ராஜா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே மலையைக் கடந்தார். பின்னால் வண்டியில் உலையோடு கிருபாராமும் கும்பலிங்கமும் வந்தார்கள். அரண்மனை வாசலில் அலங்காரவல்லி ஓடிவந்து அப்பாவின் காலில் விழப் போனாள். அதற்குள் அவர் அவளை அள்ளிக்கொண்டார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் ராஜா கேட்டார்: "அந்த நீலப் புடவை எங்கேம்மா?"

"நீலமா? கூறைப் புடவை செவப்பாச்சே அப்பா! நீலம் உங்க அங்கவஸ்திரம். பல்லக்குல ஏறும்போது அதாலதான் என் கண்ணைத் தொடச்சீங்க. நான் விடவே இல்ல, அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்" என்று தலையணைக்கடியிலிருந்து அதைக் கொண்டுவந்து காட்டினாள்.

ராஜா திரும்பினார். "கும்பலிங்கம், புடவை சிவப்பென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் பிரபு. சொல்லியிருந்தால் சிவப்பில் ஒரு பெட்டி கேட்டிருப்பீர்கள். இங்கே வந்திருக்க மாட்டீர்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அந்த அங்கவஸ்திரத்திலேயே துடைத்துக்கொண்டார். "என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"கிருபாராமை வீட்டுக்கு அனுப்புங்கள்."

கிருபாராமுக்குப் பல்லக்கும் பொன்னும் கிடைத்தன. அலமாரியில் இருந்த நீலப் பெட்டிகள் அத்தனையும் கும்பலிங்கத்துக்குப் பரிசாகப் போயின. அவற்றைத் தினமும் துடைத்து வைக்கும் வேலை, நீலம் நீலம் என்று முதலில் தலையாட்டிய உக்கிரமூர்த்திக்கு.

"இந்தப் பெட்டியைச் சுட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டுமா?" என்று கிருபாராம் கேட்டாராம். "வேண்டாம், நீர் முதலில் கிளம்பும்" என்றாராம் ராஜா.

மழை தொடங்கும் முன்பே கிருபாராம் வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலில் அவர் மனைவி நின்றாள். இந்தத் தடவை அவள் செருப்பைப் பார்க்கவில்லை.