இரண்டாம் வேட்டைக்காடும் என் ஆள்காட்டி விரலும்

கோளரி மகாராஜாவின் சபையில் நான் விகடகவி. அவரைச் சிரிக்க வைப்பது என் வேலை. அவர் கடைசியாகச் சிரித்தது நான் படியில் தடுக்கி விழுந்தபோது. அதையும் என் சாதனைக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு யோசனை சொன்னேன். ஊருக்கு வெளியே ஒரு வேட்டைக்காடு இருந்தது. வில்லோடு உள்ளே போய் இஷ்டப்பட்ட பக்கம் திரியலாம். கயிற்றில் ஓடும் மரப்பொம்மைப் புலியையும் திருடனையும் அம்பெய்து வீழ்த்தலாம். ஜனங்கள் அதில் பைத்தியமாக இருந்தார்கள். "இதைவிடப் பெரிதாக இரண்டாவது காடு கட்டலாம் அரசே" என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்.

ஒரு மலையையே வளைத்துக் கட்டினார்கள். திறந்த மூன்றாம் மாதம் சபைக்குக் கூட்டம் வந்துவிட்டது.

"மலை உச்சி அருமைங்க மகாராஜா. கண்ணுக்கே குளிர்ச்சி" என்றார் எண்ணெய்க்கடை குப்பாண்டி.

"என்னத்த அருமை? அதே திருடன், அதே மீசை. தலைப்பாகை மட்டும்தான் புதுசு" என்றாள் பூக்காரி செங்கமலம்.

"பழைய காட்டுல ஓடை இருந்துச்சு. இதுல நடந்து நடந்தே பொழுது போயிடுது" என்றார் கொல்லன் இருளப்பன்.

பாதிப் பேர் புகழ்ந்தார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். அரசருக்குத் தலை சுற்றியது.

"ஓய், யோசனை உம்முடையது. காடு நல்லதா, கெட்டதா? ஒரே பதில் வேண்டும். சிலர் இப்படி, சிலர் அப்படி என்று மழுப்பினால் காட்டுக்குத் தீ வைப்பேன், உம்மை நாடு கடத்துவேன்."

வெளிநாட்டில் என் கதைக்குச் சிரிக்க ஆள் கிடையாது. இங்கேயும் கிடையாது, ஆனால் இங்கே சாப்பாடு உண்டு.

அந்த நேரம் பார்த்து செங்கமலம் திருடனின் மீசையை விவரிக்க விரலை நீட்டினாள். எனக்குப் பொறி தட்டியது.

"எல்லோரும் வலது கையை நீட்டுங்கள்" என்றேன்.

புகழ்ந்தவர்களின் விரல்கள் வாழைக்குருத்து மாதிரி வழவழவென்று இருந்தன. ஒரே ஒரு தடவை போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். திட்டியவர்களின் விரல்களோ நாண் இழுத்து இழுத்துக் காய்த்துப் போயிருந்தன.

"தினமும் போகிறாயா?" என்று அரசர் செங்கமலத்தைக் கேட்டார்.

"காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்காங்க. அந்த மீசைக்காரனை நான் விடப்போறதில்ல."

"திட்டுகிறவர்களே தினம் போகிறார்கள் என்றால் நல்ல காடுதான் அரசே. இதுதான் என் ஒரே பதில்" என்றேன்.

அரசர் என்னையே பார்த்தார். "உம் கையை நீட்டும்."

முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். காவலர் இழுத்து நீட்டினார். என் ஆள்காட்டி விரலில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. யோசனை சொன்ன நான்தான் அந்தக் காட்டைப் பற்றி அரண்மனை முழுக்க இருபத்திரண்டு குறை சொல்லித் திரிந்தவன்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். படிக்கட்டுக்குப் பிறகு இதுதான். "காடும் பிழைத்தது, நீரும் பிழைத்தீர். பரிசாக, மூன்றாவது காட்டையும் நீரே கட்டும்" என்றார்.

முரசு முழங்கி ஓயவில்லை. அதற்குள் சபையில் ஒரு குரல் எழுந்தது. "என்னதான் கட்டினாலும் இரண்டாவது காடு மாதிரி வராது."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குரல் என்னுடையதுதான்.