கீழாநெல்லியை எழுப்பாத செங்காயி

ஒரு ஊர்ல ஒரு செங்காயி இருந்தா. ஊருக்கு முன்னால ஆறு. ஆத்துக்கு அந்தப் பக்கம் மலை. அவ புருஷன் மாட்டு வண்டியோட உப்பு ஏத்திட்டு வர கடல் பக்கம் போயிருந்தான். மழைக்காலம் முடிஞ்சாத்தான் வருவான். அப்போ வீட்ல யாரு இருந்தாங்கன்னா, செங்காயி இருந்தா, அவ பெத்த தங்கப்பூ இருந்தா, அப்புறம் புருஷனோட அக்கா வீராயி இருந்தா.

வீராயி வாயி இருக்கே, அது அரிவாமனை. சோறு கொஞ்சம் குழைஞ்சிருந்தா போதும், "உங்க ஆத்தா வீட்ல இப்படித்தான் பொங்குவாங்களா, இல்ல எங்களுக்குன்னு தனியாக் கத்துக்கிட்டு வந்தியா"ன்னு கேப்பா. செங்காயி ஒண்ணும் பேசமாட்டா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அந்தண்டை போயிருவா. அவளுக்கு யாரையும் எதிர்த்துப் பேசி வராது. பெரியவங்க ஒண்ணு சொன்னா அதுதான் அவளுக்குக் கோடு. ஆனா ஒண்ணு, தங்கப்பூன்னா வீராயிக்கு உசிரு. அவ வாயி திட்டிக்கிட்டே இருக்கும், கை அந்தப் பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டே இருக்கும்.

நீ ம் கொட்டிக்கிட்டே கேளு. ம்.

அப்புறம் ஒரு நாளு தங்கப்பூ சோத்தைத் தள்ளி வச்சுட்டா. மறுநாளும் வேணாம்னுட்டா. குதிச்சுக் குதிச்சு ஓடுற பிள்ளை, சுருண்டு சுருண்டு படுத்துக்கிச்சு. வீராயி அதை வெளிச்சத்துக்குத் தூக்கிட்டுப் போயி இமையை விலக்கிப் பார்த்தா. கண்ணு ரெண்டும் மஞ்சத் தண்ணியில நனைச்ச துணி மாதிரி இருந்துச்சு. அந்தக் காலத்துல பிள்ளையோட மூத்திரத்துல சோத்துப் பருக்கையைப் போட்டுப் பார்ப்பாங்க. போட்டாங்க. பருக்கை மஞ்சளா மாறிருச்சு. வீராயி அதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டா. வீராயி வாயை மூடினா வீட்ல ஏதோ பெருசுன்னு அர்த்தம்.

மஞ்சக்காமாலை. அதுக்கு மருந்து கீழாநெல்லி.

நம்ம வீட்டுப் பின்னால வாய்க்கா ஓரத்துல முளைச்சுக் கெடக்குல்ல, புளிய இலை மாதிரி சின்னச் சின்ன இலையா, இலைக்கு அடியில கடுகு கடுகா காயைத் தொங்க விட்டுக்கிட்டு, அதுதான். அது ஒரு செடி, ஆனா அதுக்கு வேலை ஒண்ணா ரெண்டா. சொறி செரங்குக்கு உப்பு வச்சு அரைச்சுப் பூசுவாங்க. தலையிடிக்கு எண்ணெயில போட்டுக் காய்ச்சித் தேய்ப்பாங்க. வாய்ப்புண்ணுக்கு வெறும் இலையை மெல்லுவாங்க. காமாலைக்கு வேரோட அரைச்சு மோர்ல கலக்கிக் குடுப்பாங்க. அதோட விட்டாங்களா. பச்சைப்பிள்ளை தொட்டில்ல ஒரு கொத்துக் கட்டுவாங்க, காத்து கருப்பு அண்டாதுன்னு. பயந்த பிள்ளைக்கு அதைத் தண்ணியில முக்கி மூஞ்சியில தெளிப்பாங்க. காமாலை வந்தவங்களுக்கு அதோட தண்டை நறுக்கி நூல்ல கோத்து, சாமி பேரைச் சொல்லி உச்சந்தலையில வளையமா வைப்பாங்க. நோவு இறங்க இறங்க அந்த மாலை தானா நீண்டு, நெத்திக்கு வந்து, கழுத்துக்கு வந்து, தோள்ல விழுந்துரும்னு அந்த ஊர்க்காரங்களுக்கு நம்பிக்கை.

ஆனா அந்தக் காலத்துல அது வாய்க்கா ஓரத்துல இல்ல. மலை உச்சியில, கன்னிமார் சாமி கல்லா உக்காந்திருக்கிற ஊத்துக்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. வேற எங்கயும் கிடையாது. காஞ்சது உதவாது, பச்சையா வேணும். கோடையில ஆத்துல தண்ணி வத்தினப்புறம் ஆம்பளைங்க கூட்டமாப் போயி பறிச்சுட்டு வருவாங்க. இதுவோ அடைமழை. எவனும் வரலேன்னுட்டான்.

அப்போ செங்காயி சேலையை வரிஞ்சு கட்டினா. "மதினி, பிள்ளையைப் பார்த்துக்கங்க"ன்னா. வீராயி, "நீ போயி என்னத்தைக் கொண்டாரப் போறே, நாலு பேரு நிக்கிற இடத்துல உன் பேரைச் சொல்லவே உனக்கு வாயி வராது"ன்னா. சொல்லிக்கிட்டே ரெண்டு கம்பு உருண்டையை அவ முந்தியில முடிஞ்சு விட்டா.

போனா. ஆத்தங்கரைக்கு வந்தா. தண்ணி குபுகுபுன்னு நுரை தள்ளிக்கிட்டுப் போகுது. பரிசல்காரன் பரிசலைக் கவுத்துப் போட்டு, அதுக்கு அடியில ஒதுங்கிக் கெடக்கான். அவ கெஞ்சினா. அவன், இந்தத் தண்ணியில பரிசலை விட்டா நேரா கடலுக்குத்தான் போகணும், போற வழியில உன் புருஷனை வேணா பார்க்கலாம்னு கேலி பேசினான். அவ அழல. அவன் பக்கத்துல கெடந்த சுரைக்குடுக்கையை எடுத்து வயித்துல கட்டிக்கிட்டா. தொபுக்குன்னு குதிச்சுட்டா. அவன் ஏய் ஏய்னு கத்துறான், அவ காதுல எங்க விழுது. தண்ணி அவளை உருட்டுது, பொரட்டுது, மூக்கு வழியா வாயி வழியா ஏறுது. எங்கயோ கீழ ஒரு நாணல் புதர்ல கொண்டு போயி ஒதுக்குச்சு. அதைப் புடிச்சு ஏறிட்டா.

ஆத்தைத் தாண்டியாச்சா. ம்.

அப்புறம் மலை. பாதி மலையில ஒரு வழுக்குப்பாறை. மழையில பாசி புடிச்சு பளபளன்னு இருக்கு. அங்க ஒருத்தி ஆட்டை மடக்கிக்கிட்டு நின்னா. இவளைப் பார்த்துட்டு, "என் ஆடே இதுல சறுக்குது, நீ என்ன ஆட்டை விடப் பெரியவளா"ன்னு கேட்டா.

செங்காயி அன்னிக்குத்தான் முதல் தடவையா பதில் பேசினா. "பாறைக்கு மேல குட்டி நின்னு கத்துனா உன் ஆடு ஏறாதா அக்கா"ன்னா.

ஆட்டுக்காரி தன் தொரட்டிக் கம்பை நீட்டினா, எட்டுற வரைக்கும் தூக்கி விட்டா. அதுக்கு மேல செங்காயி தானா ஏறினா. சர்ருன்னு சறுக்குவா, மறுபடி ஏறுவா. நகமெல்லாம் பிஞ்சு ரத்தம். கடைசியில ஏறிட்டா.

மேல போயிப் பார்த்தா, யாரும் இல்ல. தடுக்க ஆள் இல்ல, கேலி பேச ஆள் இல்ல. ஊத்துத் தண்ணி சலசலன்னு ஓடுது. கன்னிமார் கல்லு வரிசையா உக்காந்திருக்கு. சுத்தி கீழாநெல்லி, பச்சைப்பாய் விரிச்ச மாதிரி. கை நீட்டினா பறிச்சுரலாம்.

ஆனா அவ வந்து சேர்றதுக்கும் பொழுது அடையறதுக்கும் சரியா இருந்துச்சு. அவ பார்க்கப் பார்க்க அந்தச் செடிங்க எல்லாம் இலையை மடக்குது. நீ கும்பிடும்போது ரெண்டு கையையும் சேர்ப்பேல்ல, அப்படி. ஒண்ணு மடக்குது, அடுத்தது மடக்குது, எல்லாம் தூங்கிருச்சு.

விளக்கு வச்சப்புறம் செடியைத் தொடக்கூடாதும்பாங்க. சாதாரணச் செடிக்கே அப்படி, இது கன்னிமார் செடி. அது தூங்கும்போது பறிச்சா மருந்து விஷமா மாறிரும்னு அந்த ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க. செங்காயிக்கு அது சின்ன வயசுல இருந்து நெஞ்சுல ஊறிப்போன பேச்சு.

கையை நீட்டினா. சாமி கோவிச்சுக்கிட்டா என்ன செய்யிறதுன்னு இழுத்துக்கிட்டா. மறுபடி நீட்டினா. தங்கப்பூ வாயில இது விஷமாப் போச்சுன்னா என்ன செய்யிறதுன்னு இழுத்துக்கிட்டா. அப்புறமும் ஒரு தடவை நீட்டினா, இலை விரல்ல பட்டுருச்சு, சில்லுன்னு இருந்துச்சு. அப்பவும் இழுத்துக்கிட்டா. மழை விட்டு நிலா வேற பால் மாதிரி காயுது. இறங்கணும்னா இறங்கிரலாம். ஆனா அவ இறங்கல. ஒரு செடிகிட்ட முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்தா. விடியட்டும், நல்லபடியா பறிச்சுக் கொண்டுபோயிக் குடுப்போம்னு உக்காந்தா.

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

விடிஞ்சுது. வெயிலு பட்டதும் இலை விரிஞ்சுது. செங்காயி முந்தியில முடிஞ்சு வந்த மஞ்ச நூலைச் செடியில காப்பாக் கட்டி, ஆத்தா என் பிள்ளைக்காகப் பறிக்கிறேன்னு சொல்லிப் பறிச்சா. மடியில கட்டினா. விழுந்தடிச்சு ஓடினா. பாறையில உக்காந்து சறுக்கிக்கிட்டே வந்தா. ஆத்துல தண்ணி கொஞ்சம் வடிஞ்சிருந்துச்சு. பரிசல்காரன் அவளைப் பார்த்ததும் கேலி பேசல, பரிசலைத் தண்ணியில தள்ளிட்டான். ஊர்க் கரைக்குக் கொண்டுவந்து விட்டான். தடதடன்னு தெருவுல ஓடி வந்தா.

வாசல்ல வீராயி நிக்கிறா. ஏண்டி இவ்வளவு நேரம்னு கேப்பான்னு பார்த்தா. கேக்கல. எங்க போயித் தொலைஞ்சேன்னு திட்டுவான்னு பார்த்தா. திட்டல. வந்து அவ மடியை அவுத்து அந்தக் கீழாநெல்லியை எடுத்துத் தன் கையில வச்சுக்கிட்டா.

"கோழி கூப்புடற வரைக்கும் பிள்ளை கண்ணு வாசல்லயே இருந்துச்சுடி"ன்னா.

செங்காயி உள்ள போயி உக்காந்தா. தண்டை நறுக்கினா. நூல்ல கோத்தா. மாலையை எடுத்துப் பிள்ளை உச்சந்தலையில வச்சா. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் பார்த்துக்கிட்டு நின்னாங்க, யாரும் வேணாம்னு சொல்லல. அவ அந்த மாலையையே பார்த்துக்கிட்டு இருந்தா. அது நீளவே இல்ல. வச்ச இடத்துலயே இருந்துச்சு.

அப்புறம் காரியமெல்லாம் முடிஞ்சுது. வீராயி திட்டறதை விட்டுட்டா. செங்காயிக்கு அதுதான் தாங்கல. ஒரு நாளு யார்கிட்டயும் சொல்லாம மலை ஏறிட்டா. அன்னிக்கும் அவ போயிச் சேர்ற நேரம் செடிங்க தூங்கிருச்சு. அவளுக்கு எங்க இருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. ஒரு செடியோட தூரைப் புடிச்சு உலுக்கினா. "எந்திரி, எந்திரி"ன்னு உலுக்கினா.

செடி இலையை விரிச்சுது. "யாருடி அது"ன்னு கேட்டுச்சு.

"நான்தான். அன்னிக்கு ராவெல்லாம் உன் பக்கத்துல உக்காந்திருந்தேனே, அவதான்"ன்னா.

"என் பக்கத்துலயா? ஏன்டி உக்காந்திருந்தே?"

"என் பிள்ளைக்கு நோவு. நீ விடிஞ்சு எந்திரிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். தூங்கும்போது பறிச்சா விஷமாம்ல."

செடி மெதுவாச் சொல்லுச்சு, "தூங்கும்போது பறிக்கத்தான் கூடாது. எழுப்பலாமேடி. பிள்ளைக்கு முடியலேன்னு ஒருத்தி எழுப்பினா எந்த ஆத்தா கோவிச்சுக்குவா? என்னைப் பாரு, இலைக்கு அடியில இத்தனை காயை அணைச்சுக்கிட்டுத்தானே நானும் தூங்குறேன்."

செங்காயிக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு. அதுவரைக்கும் அவ அழவே இல்ல. அங்கயே உக்காந்து அழுதா. செடி தன் இலைக்கு அடியில இருந்த காயையெல்லாம் பொலபொலன்னு அவ மடியில உதிர்த்துச்சு.

அவ இறங்கி வந்தா. வழுக்குப்பாறை இடுக்குல கொஞ்சம் போட்டா. ஆத்தங்கரையில கொஞ்சம் போட்டா. வீட்டு வீட்டுக்குப் பின்னால, பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற இடமாப் பார்த்துப் போட்டா. வீராயியும் கூடப் போனா, ஒரு கூடையைத் தூக்கிக்கிட்டு. இனிமே ஒருத்தியும் அதுக்காக மலை ஏற வேண்டாம்னு போட்டாங்க. அதனாலதான் அது இப்போ யாரும் வெதைக்காமலே எல்லார் வீட்டுப் பின்னாலயும் கெடக்கு. அப்புறம், பொழுது சாஞ்சப்புறம் மருந்துக்குப் பறிக்கிறவங்க முதல்ல அதோட தூர்ல விரலால லேசாத் தட்டுவாங்க. எந்திரி ஆத்தா, பிள்ளைக்குன்னு சொல்லுவாங்க. அப்புறந்தான் பறிப்பாங்க. அது செங்காயி சொல்லிக்குடுத்தது.

ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் அது மருந்தாச்சு. செங்காயி மட்டும் சாயங்காலமானா கொல்லைப்பக்கம் வந்து உக்காருவா. அது இலை மடக்குறதைப் பார்த்துக்கிட்டே இருப்பா. ஒரு நாளும் அதை அவ எழுப்பல. எழுப்பி வாங்கிட்டுப் போக அவளுக்கு வீட்டுக்குள்ள யாரு இருக்கா.

அம்புட்டுத்தான் கதை. செடி இலையை மூடியாச்சு, நீயும் கண்ணை மூடு சாமி. தண்ணி தாகம் எடுத்தா என்னை எழுப்பு. கெட்ட கனாக் கண்டாலும் எழுப்பு. அம்மா தூங்குறாளேன்னு பார்க்காதே. ம்... தூங்கு.