முப்பது மீட்டருக்கு ஒரு துணை

தணிகைவேலுக்கு ஒரு துணை தேவைப்பட்டது.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் நீந்தும் ஸ்கூபாவில் முதல் நிலைப் பயிற்சியை அவர் சுலபமாக முடித்துவிட்டார். அடுத்தது ஆழ்நிலைப் பயிற்சி. கடலுக்குள் முப்பது மீட்டர் வரை இறங்க வேண்டும். அதற்கு இருவர் இருவராகத்தான் போக வேண்டும் என்பது விதி. ஒருவருடைய காற்று தீர்ந்துபோனால், மற்றவர் முதுகில் இருக்கும் காற்றுதான் இருவருக்கும்.

புதுச்சேரியில் அந்தப் பயிற்சியைத் தந்தவர் அமலோற்பவம். எல்லோரும் அமலா மேடம் என்பார்கள். தணிகைவேலைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். தண்ணீருக்குள்ளேயே காலம் கழிப்பதால் வந்த பழக்கம் என்று மாணவர்கள் நினைத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அவள் அப்படித்தான் என்று அவருடைய அம்மா சொல்வார்.

தணிகைவேல் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் மேலாளர். கல்லூரி நாட்களில் நீச்சலில் பதக்கங்கள் வாங்கியவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்த உடம்பு அப்படியே இருந்தது. சனிக்கிழமை தோறும் காரை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிடுவார்.

அமலா அவருக்கு முதலில் ஒரு துணையைக் கொடுத்தார். இறங்கிவிட்டு வந்ததும் தணிகைவேல் சொன்னார்:

"இவர் வேண்டாம் மேடம். ரொம்ப மெதுவா வர்றார்."

"அவர் சிலிண்டர்ல எவ்வளவு காத்து மிச்சம் இருந்துச்சு சார்?"

"என்னோடதுல பாதிக்கு மேல இருந்துச்சு."

"அவரோடதுல?"

"அது அவர் பார்க்க வேண்டியது மேடம்."

அமலா தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த வாரம் வேறொருவரைக் கொடுத்தார். அவரும் சரிப்படவில்லை, காற்றைச் சீக்கிரமே தீர்த்துவிடுகிறார் என்றார் தணிகைவேல். அதற்கடுத்தவர் தொட்டதற்கெல்லாம் கையைப் பிடிக்கிறாராம்.

மூன்றாவது ஆளையும் வேண்டாமென்று சொன்ன அன்று, தணிகைவேல் சிலிண்டரைக்கூடக் கழற்றாமல் கடற்கரையில் நின்றுகொண்டு கேட்டார்:

"எனக்குச் சரியான பார்ட்னர் எப்படி இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க மேடம். அப்படி ஒருத்தரைத் தேடிக் குடுங்க. சென்னையிலிருந்து வந்தாலும் பரவாயில்லை."

அமலா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க சிலிண்டர் பின்பக்கம் காத்து கசியுதான்னு பாருங்க சார்."

தணிகைவேல் கழுத்தைத் திருப்பினார். தெரியவில்லை. உடம்போடு சேர்த்துத் திரும்பினார். அவரோடு சிலிண்டரும் திரும்பியது. மணலில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

"தெரியலையே மேடம்."

"எனக்கும் என்னோடது தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அமலா ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்குள் போனார்.

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்ற எரிச்சலோடு அன்று தணிகைவேல் ஊர் திரும்பினார்.

அடுத்த சனிக்கிழமை அவருக்காகக் காத்திருந்தவர் மெஹருன்னிசா. காரைக்காலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது பார்த்துவிட வேண்டும் என்று சேமித்த பணத்தில் கற்றுக்கொள்ள வந்திருந்தார். முதல் நிலையைத் தட்டுத்தடுமாறி முடித்திருந்தார்.

அன்று அவ்வளவு ஆழமில்லாத இடத்தில்தான் இறங்கினார்கள். மெஹருன்னிசா நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இறங்குவதும் காதடைப்பு விடுவதற்காக நிற்பதுமாக வந்தார். தணிகைவேல் கீழே போய்க் காத்திருந்தார். காத்திருந்து அலுத்துப்போய்த் தனியாகப் பாறையைச் சுற்றிவிட்டு வந்தார்.

கரைக்கு வந்ததும் அமலாவைத் தனியாக அழைத்தார்.

"இவங்களா மேடம்?"

"ஆமா சார்."

"இவங்க பயப்படுறாங்க."

"ஆமா, பயப்படுறாங்க."

"அப்புறம்?"

"நாளைக்கு முப்பது மீட்டர். இவங்ககூடத்தான் இறங்கறீங்க."

மறுநாள் காலை கடல் அமைதியாக இருந்தது. படகில் இன்னொரு ஜோடியும் வந்தது. இறங்குவதற்கு முன் அமலா எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்:

"அவ்வளவு ஆழத்துல நாம இழுக்கிற காத்தே சில பேருக்குப் போதை ஏத்திடும். யாருக்கு ஏறும், எப்ப ஏறும்னு சொல்ல முடியாது. ஏறினவங்களுக்கு அது தெரியவும் தெரியாது. கொஞ்சம் மேலே வந்தா தானா தெளிஞ்சிடும். மேலே வரணும், அவ்வளவுதான்."

தனக்கு அப்படியெல்லாம் ஆகாது என்று தணிகைவேல் நினைத்துக்கொண்டார்.

முப்பது மீட்டரில் ஒரு பெரிய பாறைத் திட்டு இருந்தது. அதன் விளிம்புக்கு அப்பால் கடல் இன்னும் கீழே இறங்கி இருட்டாகக் கிடந்தது. எல்லோரும் வந்து சேர்ந்த சற்று நேரத்தில், மற்ற ஜோடியில் ஒருவருடைய மாஸ்க்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. அமலா அவரிடம் போனார்.

அப்போதுதான் தணிகைவேல் ஒரு களவா மீனைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு இருந்தது. அது அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. அது விளிம்பைத் தாண்டி இறங்கியது. அவரும் இறங்கினார். மனசுக்குள் அப்படியொரு சந்தோஷம். ஆழமும் காற்றும் காட்டுகிற, கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். அதிலிருந்த எண்கள் வேடிக்கையாக இருந்தன. எதற்காக இவற்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மேலே கயிற்றருகில் இருந்த மெஹருன்னிசா 'சரியா?' என்று கையால் கேட்டார். தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தார். ஊருக்குக் கிளம்புகிறவரைப்போலக் கையை ஆட்டி டாட்டா காட்டினார். பிறகு தலைகீழாகத் திரும்பிக் கீழே போனார்.

மெஹருன்னிசா கயிற்றை விட்டார்.

காதுக்காக நிற்க நேரமில்லை. நெற்றிக்குள் ஊசி குத்துவதுபோல வலித்தது. எட்டி அவருடைய தோள்பட்டை வாரைப் பிடித்தார். தணிகைவேல் உதறினார். மறுபடி பிடித்தார். மறுபடியும் உதறினார். மெஹருன்னிசா அவருக்கு முன்னால் வந்து, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, 'மேலே போகலாம்' என்று கட்டைவிரலை மேலே காட்டினார். அது தணிகைவேலுக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டது. அவர் சிரிக்க, வாயிலிருந்த மூச்சுக்குழாய் நழுவப் பார்த்தது. மெஹருன்னிசா உள்ளங்கையால் அதை அவர் வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மற்ற கையால் வாரை இறுகப் பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறினார்.

பாறை விளிம்புக்கு மேலே வந்து, இன்னும் சற்று ஏறியதும், தணிகைவேலின் தலைக்குள் யாரோ விளக்கைப் போட்டதுபோல இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று புரிந்தது. மீட்டரைப் பார்த்தார். காற்று தீரப்போகிறது என்று முள் சிவப்புக்குள் போயிருந்தது.

அவர் அதைப் பார்ப்பதற்கு முன்பே மெஹருன்னிசா பார்த்திருந்தார். துணைக்கு வருபவருக்கென்றே சிலிண்டரோடு இருக்கும் தன்னுடைய இரண்டாவது மூச்சுக்குழாயை எடுத்து அவரிடம் நீட்டினார்.

தணிகைவேல் தன் வாழ்நாளில் முதல் முறையாக இன்னொருவருடைய காற்றை இழுத்து மூச்சுவிட்டார்.

அமலா வந்துவிட்டார். இருவரையும் கயிற்றுக்குக் கொண்டுவந்து, படகுக்கு அடியில் நிறுத்தி, உடம்பு சமநிலைக்கு வரும்வரை காத்திருக்கச் செய்தார். எதிரெதிரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தணிகைவேல் கவனித்தார். மெஹருன்னிசாவின் மாஸ்க்குக்குள் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் தேங்கியிருந்தது. அதற்கு மேலே அவருடைய கண்கள் இவருடைய மீட்டரையும் இவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தன.

படகில் ஏறியதும் தணிகைவேல் கேட்டார்:

"உங்களை உதறிட்டேன், இல்ல?"

"ஆமா அண்ணே. நல்ல பலம் உங்களுக்கு."

"அடிபட்டுச்சா?"

"ஸ்கூட்டர் கத்துக்க வர்றவங்ககூட பயத்துல என் கையைத் தட்டிவிடுவாங்க. அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட்டா வண்டி ஓட்டச் சொல்லித்தர முடியுமா?"

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ஏன் இல்லாம? இப்பவும் நடுங்குது பாருங்க" என்று மெஹருன்னிசா கையை நீட்டிக் காட்டினார்.

தணிகைவேல் ஃப்ளாஸ்க்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றினார். ஊற்றியவர் கையும் நடுங்கியதில் பாதி டீ படகில் கொட்டியது. இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தணிகைவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெஹருன்னிசா மிச்ச டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

மெஹருன்னிசாவுக்கு மூக்கும் காதும் முழுக்க ஆறட்டும், சில வாரம் இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வேறு ஜோடியோடு பயிற்சியை முடித்துக்கொள்ள விருப்பமா என்று அமலா கேட்டபோது, "காத்திருக்கேன் மேடம்" என்றார் தணிகைவேல். அந்த வாரங்களில் அவர் புதுச்சேரியைத் தாண்டி நேரே காரைக்காலுக்கே போனார். மனைவியையும் அழைத்துப் போனார். மெஹருன்னிசா வீட்டில் அவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்டார்கள்.

மழைக்காலத்துக்கு முன் மறுபடியும் அதே பாறைத் திட்டில் இறங்கினார்கள். கயிற்றில் மெஹருன்னிசா நின்ற இடத்திலெல்லாம் தணிகைவேலும் நின்றார். அவர் காதைத் தொட்டுச் சரி என்று காட்டிய பிறகே நகர்ந்தார். கீழே போன பிறகும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெஹருன்னிசாவே பொறுக்க முடியாமல், 'மீனையும் கொஞ்சம் பாருங்க' என்று விரலால் சுட்டிக் காட்டினார்.

இருவரும் தேறினார்கள்.

படகு கரையேறியதும் தணிகைவேல் அமலாவிடம் வந்தார். அமலா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்குச் சரியான ஆளைத் தேடிக் குடுத்தீங்க. என்ன சொல்லி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"நான் தேடலை சார்."

"அப்புறம்?"

"உங்ககூட இறங்கின மூணு பேரும், நீங்க வந்து வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடியே என்கிட்ட வந்துட்டாங்க. 'நல்லா நீந்துறார், ஆனா திரும்பியே பார்க்க மாட்டேங்கிறார், இவர்கூட எங்களைப் போடாதீங்க'ன்னாங்க. அதுக்கப்புறம் உங்களுக்குக் குடுக்க என்கிட்ட ஆள் இல்லை."

தணிகைவேல் திரும்பிப் பார்த்தார்.

சற்றுத் தள்ளி, நல்ல தண்ணீர்த் தொட்டியில் மெஹருன்னிசா உடைகளை அலசிக்கொண்டிருந்தார். தன்னுடையதை முடித்துவிட்டுத் தணிகைவேலுடையதையும் எடுத்து அலசிக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு இது தெரியுமா மேடம்?"

"வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். மறைச்சு அனுப்பக்கூடாதில்ல?"

"தெரிஞ்சுமா சம்மதிச்சாங்க?"

அமலா கயிற்றின் கடைசிச் சுற்றைப் போட்டு முடிச்சிட்டார்.

"'அவர் திரும்பிப் பார்க்கலைன்னா என்ன மேடம், நான் பார்த்துக்கிறேன்'னு சொன்னாங்க."