பதினான்காம் விதியும் ஒரு கையெழுத்தும்

கணினிக்கு மூளை முளைத்து, யாருக்கு வேலை, யாருக்குப் பள்ளியில் இடம், யாருக்கு வைத்தியம் என்றெல்லாம் அதுவே முடிவு சொல்லத் தொடங்கிய காலம். கடம்பநாட்டுப் பேரவை கூடியது. உறுப்பினர்கள் மூன்று நாள் தொண்டை வறளப் பேசிவிட்டு, நாலே வரியில் ஒரு சட்டம் போட்டார்கள். "உயிரைத் தொடும் எந்த முடிவும் மனிதர் கையெழுத்தில்லாமல் செல்லாது. அந்தக் கையெழுத்தை யார் போடுவது, எப்படிப் போடுவது என்பதை ஆணையம் விதியாக எழுதிக்கொள்ளலாம். எழுதிய விதி முப்பது நாள் பேரவையின் மேசையில் இருக்க வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் அது நடப்புக்கு வரும்."

ஆணையத்தின் தலைவர் இளம்பரிதி கெட்டவர் அல்லர். முதலில் எழுதிய விதிகளை அக்கறையாகவே எழுதினார். மருத்துவமனையில் அந்த நேரத்தில் வார்டுக்குப் பொறுப்பாக இருப்பவரே கையெழுத்துப் போட வேண்டும் என்றது மூன்றாம் விதி. பதினான்காவதற்கு வந்தபோது ஆள் களைத்துவிட்டார். இயந்திரம் செய்து விற்பவர்கள் பழக்கூடையும் பணிவுமாக வந்து, "எங்க இயந்திரத்தைப் பத்தி எங்களைவிட யாருக்குங்க தெரியும்?" என்றார்கள். அதுவும் நியாயம்தானே என்று அவருக்குப் பட்டது. தயாரித்தவரே பாதுகாப்பானது என்று சான்று கொடுத்துவிட்டால், அந்த இயந்திரத்தின் முடிவுக்குக் கையெழுத்து வேண்டாம் என்று எழுதிவிட்டார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். அந்தத் தாள் முப்பது நாள் பேரவை மேசையில் கிடந்தது. அதன்மேல் தேநீர்க் குவளைகளை வைத்தார்கள், எடுத்தார்கள். ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

தலைநகர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ் நப்பின்னை. இருபத்திரண்டு வருட அனுபவம், யாருக்கும் வளையாத கழுத்து. நாற்காலிகள் ஆறு, நோயாளிகள் எழுபது பேர். யாருக்கு எப்போது முறை என்பதைச் தயாரித்தவரின் சான்று பெற்ற ஒரு மென்பொருள் சுவரில் மாட்டிய திரையில் சொல்லும். வார்டில் அதற்குப் பெயர் 'திரை'.

ஒரு ஞாயிறு காலை பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். மலையில் தேயிலை லாரி ஓட்டுகிறவர். மண் சரிந்து ஐந்து நாள் பாதை அடைபட்டதில் இரண்டு முறை டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பாதை அடைபட்டது திரைக்கு எப்படித் தெரியும்? அதன் கணிப்பில் அவர் ஒழுங்காக வராதவர். அடுத்த முறை வியாழக்கிழமை என்று தள்ளிவிட்டது.

"படுத்தா மூச்சு நின்னுடுது சிஸ்டர். வியாழக்கிழமை வரைக்கும் தாங்குவேனா?" என்று கேட்டார்.

தாங்க மாட்டார். அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததுமே நப்பின்னைக்குத் தெரிந்துவிட்டது. கண்காணிப்பாளர் டாக்டர் தில்லைராசனுக்குப் போன் போட்டார்.

"திரை சொன்னா சொன்னதுதான் சிஸ்டர். பதினாலாம் விதி இருக்கு. நாம கை வைக்க முடியாது."

"ஆள் போயிடுவாரு சார்."

"இன்னிக்கு நீங்க இவரை உட்கார வெச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் சொந்தக்காரங்களை முன்னாடி உட்கார வைப்பாங்க. வேண்டாம்."

அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நப்பின்னைக்கு ரத்தம் கொதித்தது. ஒரு தாளை எடுத்தார். நோயாளி பெயர், காரணம், நேரம் எல்லாம் எழுதி, கீழே தன் முழுப் பெயரைக் கையெழுத்திட்டார். அதைப் பிளாஸ்திரியால் திரையின் மேலேயே ஒட்டினார். அந்த முறைக்கு உரியவர், நடந்தே வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவரை மாலைவரை காத்திருக்கச் சொல்லிவிட்டு, பொன்னுரங்கத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்.

பொன்னுரங்கம் பிழைத்துக்கொண்டார். வாத்தியாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கோபம் மட்டும் ஏறிவிட்டது. எழுதிப்போட்டார் ஒரு புகார். நப்பின்னைக்கு நோட்டீஸ் வந்தது.

விசாரணைக்கு இளம்பரிதியே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தில்லைராசன். "ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுங்கம்மா. நோட்டீஸை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்," என்றார் ஆணையர். மனதாரத்தான் சொன்னார்.

"எழுத மாட்டேன் ஐயா."

"ஆள் பொழச்சுட்டாருன்னு தைரியமா?"

"அவரு செத்திருந்தாலும் எழுத மாட்டேன். எழுதினா உங்க விதி சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மனுஷங்க கையெழுத்து வேணும்னு சட்டம் சொல்லுது. நான் மனுஷி. போட்டேன்."

ஆணையரின் முகம் சிவந்தது. "விதி எழுதற அதிகாரத்தைப் பேரவை எனக்குக் கொடுத்துச்சு. முப்பது நாள் மேசையில இருந்துச்சு. ஒருத்தர் வாய் திறக்கலையே!"

"நடப்புல இருக்கிற விதியை நான் மீறலை," என்றார் தில்லைராசன், தரையைப் பார்த்தபடி.

அன்றே நப்பின்னையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வழக்கு நீதிபதியிடம் போனது.

விதியை எழுதியவர் ஒருவர், அதற்கு அடங்கி நடந்தவர் ஒருவர், அதை மீறியவர் ஒருவர். இந்த மூவரில் யார் செய்தது சரி? சொல்லத் தெரியாவிட்டால் பாதகமில்லை, ஆனால் அடுத்த முறைக்குக் காத்திருப்பது நீங்களாகவும் இருக்கலாம்.

விடை: நப்பின்னை செய்ததே சரி, அதுவும் நோயாளி பிழைத்ததால் அல்ல. கையெழுத்தை யார் போடுவது, எப்படிப் போடுவது என்று எழுதத்தான் ஆணையத்துக்கு அதிகாரம். கையெழுத்தே வேண்டாம் என்று எழுத அதற்கு உரிமை கிடையாது. தனக்குக் கிடைத்த அதிகாரத்தை இயந்திரம் விற்பவர் கையில் தூக்கிக் கொடுத்தது அதைவிடப் பெரிய பிழை. முப்பது நாள் மௌனம் பேரவையின் சோம்பலுக்குச் சாட்சியாகலாம், அதனால் சட்டம் மாறிவிடாது. எனவே அன்று செல்லாமல் போனது திரையின் முடிவுதான். மூன்றாம் விதிப்படி, வார்டுக்குப் பொறுப்பானவர் போட்ட கையெழுத்து செல்லும். தில்லைராசன் பயந்தார், பயத்தைத் தண்டிக்க முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. நீதிபதியும் இப்படித்தான் தீர்ப்பளித்தார், பதினோரு மாதம் கழித்து. அதுவரை நாட்டின் எல்லா மருத்துவமனைகளிலும் திரை சொன்னதே நடந்தது. நப்பின்னை சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார். மன்னிப்பு மட்டும் எழுதவே இல்லை.