வறுத்த பூசணி விதை

மாடித்தோட்டம் போடும் ஆசை பிடித்த காலனி அது. அங்கே விதை விற்க வந்தவர் சாதாரண ஆளா? 'விதைச் செம்மல்' வைத்திலிங்கம்! டிரைவர் விதைப் பெட்டியோடு பின்னால் நிற்க, கமலவேணியம்மா வீட்டுக் கூடத்தில் கூடிய காலனிக்காரர்கள் முன்னால் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, "ஒரு சொட்டு மருந்து படாத விதை!" என்று முழங்கினார்.

சமையல்காரி சொர்ணக்கிளிக்குப் பொறுக்கவில்லை. "போன தடவை உங்க விதை தரையில கொட்டிருச்சு. ஒரு எறும்புகூட அண்டலையே, ஐயா?"

வைத்திலிங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மருந்து இருக்குன்னு இப்பவே, இங்கேயே நிரூபி. இல்லேன்னா மன்னிப்புக் கேட்டுட்டு வேலையை விட்டுப் போ!"



"ஆகட்டும் ஐயா. முதல்ல காபி சாப்பிடுங்க" என்று சொர்ணக்கிளி உள்ளே போனாள். காபியோடு நெய்யில் வறுத்த பூசணி விதையும் வந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. வைத்திலிங்கம் ஒரு கை அள்ளி வாயில் போட்டார்.

"நல்லா இருக்கா ஐயா? அம்மா வாங்கி வச்ச உங்க பூசணி விதைப் பாக்கெட்டைப் பிரிச்சுத்தான் வறுத்தேன்."

தூ தூ என்று துப்பினார் அவர். "அறிவிருக்கா உனக்கு? மருந்து போட்ட விதையைத் திங்கக் குடுப்பியா?"

எல்லார் பார்வையும் விதைப் பெட்டிமேல் திரும்பியது.

சொர்ணக்கிளி தட்டிலிருந்து நாலு விதையை எடுத்து நிதானமாக மென்றாள். "பயப்படாதீங்க ஐயா. உங்க பாக்கெட் பிரிக்காம அப்படியே இருக்கு. இது எங்க அக்கா வெறும் சாணி எரு போட்டு வளர்த்த பூசணி. வறுக்காம கொஞ்சம் வச்சிருக்கேன். விதைக்கு யாருக்கு வேணும்?"

முதலில் நீண்ட கை வைத்திலிங்கத்தின் டிரைவருடையது.